மாடியில் நின்று சொன்ன பொய்

என் மனைவி அகிலாண்டேஸ்வரிக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. கல்யாணமான புதிதில் இதைச் சுறுசுறுப்பு என்று நினைத்து நாலு பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். தபால் ஆபீஸ் வேலை முடிந்து, ஓய்வு பெற்று, நாள் முழுக்க வீட்டிலேயே கிடக்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மாடிக்குப் போவாள். இறங்கி வந்து கஞ்சியை வடிப்பாள். தாளிக்க எண்ணெயை வைத்துவிட்டு, கையில் எடுத்த கடுகோடு மறுபடி மாடிக்குப் போய்விடுவாள். எண்ணெய் புகைந்து நான் ஓடிப்போய் அடுப்பை அணைப்பது எங்கள் வீட்டில் வாடிக்கை. ஏன் இப்படி என்று கேட்டால், சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள்தானே, அணைத்தால் கை தேய்ந்தா போகும் என்பாள்.

அப்படி என்னதான் இருக்கிறது மாடியில் என்று கேட்பீர்கள். தென்காசியில் கோயிலுக்குத் தெற்கே இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. மாடியில் நின்றால் ஒரு பக்கம் கோபுரம், மேற்கே குற்றாலத்து மலை, நடுவில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள், செல்போன் கோபுரம், நாலு தென்னை, பக்கத்து வீட்டு முருங்கை. எனக்குத் தெரிவது இவ்வளவுதான். அவளுக்கு அங்கே ஒரு ஊரே குடியிருக்கிறது. தொட்டி மேல் வந்து கத்தும் மைனாவுக்குத் தன் சித்தியின் பெயரை வைத்திருக்கிறாள். கும்பலாக வந்து குப்பையைக் கிளறி, தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு போகும் தவிட்டுக்குருவிகளுக்கு என் கூடப்பிறந்தவர்களின் பெயர்கள். அதில் ஒன்று மற்றதெல்லாம் சண்டை போடும்போது தனியே சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். அது யாராம் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போய்விட்டாள். நானேதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அடுப்படியில் இருந்தபடியே முருங்கையில் இப்போது கொண்டைக்குருவி வந்திருக்கிறது என்று சொல்வாள். போய்ப் பார்த்தால் இருக்கும். அணில் கத்துவதை வைத்துப் பூனை வருகிறதா, காக்கை வருகிறதா என்று சொல்வாள். இதில் எனக்குப் பெருமை இருந்தாலும் இம்சை அதைவிட அதிகம். ஒரு முறை குளவி ஒன்று சுவரில் இருக்கிற பிளக்கின் துளையில் மண்ணைக் கொண்டுவந்து கூடு கட்டிவிட்டது. இஸ்திரிப் பெட்டியை அதில்தான் செருக வேண்டும். குளவி கட்டினால் வீட்டில் ஒரு பிள்ளை பிறக்கும், அதைத் தொடக் கூடாது என்றாள். இந்த வீட்டில் இனி யாருக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்று கேட்டேன். பெங்களூரில் மகள் இல்லையா என்றாள். இலத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு நான் கசங்கிய சட்டையோடு போய் நின்றேன். மகள் உமாதேவிக்கு இரண்டாவது பிறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவள் என்னை விட மாட்டாள்.

வைகாசி கடைசியில் இந்த இருப்புக் கொள்ளாமை முற்றிவிடும். மேல்காற்று தொடங்கும். கொடியில் போட்ட துணி அடுத்த தெருவில் கிடக்கும். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கிறதா, வெறுமனே கடந்து போகிறதா என்று பார்க்க மாடிக்கு ஓடுவாள். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறினால் ஓடுவாள். தட்டான்கள் கூட்டமாக மாடிக்கு மேலே தாழச் சுற்றினால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இரண்டரை மணிக்குத்தான். ராத்திரி டியூப் லைட்டில் ஈசல் வந்து விழுந்தால் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து என்னிடம் மழையைப் பற்றிப் பேசுவாள். எல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்காக. மலையில் மழை பெய்து அருவியில் தண்ணீர் விழ ஆரம்பிக்க வேண்டும். விழுந்தால் போன் வரும்.

இந்தப் போனைப் பற்றித் தென்காசிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வருஷத்தில் பத்து மாதம் நாங்கள் இருக்கிறோமா செத்தோமா என்று கேட்க நாதி இருக்காது. ஆனி பிறந்துவிட்டால் போதும், மதுரை, சென்னை, விருதுநகர் என்று எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் கூப்பிடும். நலம் விசாரிக்க மாட்டார்கள். "தண்ணி விழுதா?" அவ்வளவுதான் கேள்வி. விழுகிறது என்று சொல்லிவிட்டால் வருகிறார்கள் என்று அர்த்தம். வேன் வந்து வாசலில் நிற்கும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்னவன் குற்றாலத்துக்குப் பக்கத்தில் குடியிருந்ததில்லை. ஒரு கூட்டம் ஈரத் துண்டைப் பிழிந்து எடுத்துக்கொண்டு புறப்படும்போது அடுத்த கூட்டம் செருப்பைக் கழற்றும்.

முன்பெல்லாம் அந்தக் கேள்வியோடு முதலில் கூப்பிடுகிறவர் அகிலாவின் அண்ணன் முத்துக்குமாரசாமி. பாளையங்கோட்டையில் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவர். தாய் இல்லாத பெண்ணை வளர்த்து, இலஞ்சி முருகன் கோயிலில் வைத்து எனக்குக் கட்டிக் கொடுத்தவர். அவர் கூப்பிட்டால் மட்டும் அகிலா அருவியைப் பற்றி ஒரு பாட்டம் அளப்பாள். ஐந்தருவியில் எத்தனை கிளை விழுகிறது, எந்தக் கிளையில் கூட்டம் இல்லை என்பது வரைக்கும் சொல்வாள். அவர் வந்து இறங்கிய அன்று எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் சொதி மணக்கும். ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தங்க மாட்டார், அதற்கும் அவளிடம் திட்டு வாங்குவார்.

அவருக்கு ஒரே மகன், எங்களுக்கு ஒரே மகள். முறை இருந்தது, கேட்டார். அகிலா முடியாது என்று சொல்லிவிட்டாள். பையன் மேல் குறையே இல்லை. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி அவர்கள் வம்சத்தில் இரண்டு பிள்ளைகள் காது கேளாமல் பிறந்திருந்தன. அந்தப் பயம் அவளுக்கு. காரணத்தை நன்றாகத்தான் எடுத்துச் சொன்னாள், அவர் காதில் ஏறவில்லை. என் மகனை வேண்டாம் என்றுவிட்டாள் என்பது மட்டும் ஏறியது. உமாவுக்கு வெளியில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் நடந்தபோது அவர் வரவில்லை. தாய்மாமன் மாலை போட வேண்டிய நேரத்தில், தூரத்து உறவில் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தி ஒப்பேற்றினோம். அகிலா அன்றைக்கு அழவில்லை. பந்தியில் கடைசி இலை வரைக்கும் நின்று கவனித்துவிட்டு, இனி அவர் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று என்னிடம் சொன்னாள். அங்கே அவரும் அதையேதான் சொன்னாராம். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா, வீம்பிலும் சரிபாதிப் பங்கு.

அது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் மாடியே கதி என்று ஆனது அதற்குப் பிறகுதான் என்பது என் கணக்கு. மலையில் மேகம் உட்கார்ந்துவிட்டால் செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டே திரிவாள். மணி அடித்ததும் பதறி எடுப்பாள். யார் என்று பார்த்ததும் முகம் ஒரு கணம் தொங்கிப் போகும். நான் பார்த்தும் பார்க்காததுபோலப் பேப்பரைத் திருப்புவேன். எத்தனையோ முறை நானே அவருக்குப் போன் போட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். தெரிந்தால் என்னை வீட்டைவிட்டே அனுப்பிவிடுவாள் என்ற பயத்தில் போடவில்லை. ஒரு தடவை ஆற்றாமையில் அவளே சொன்னாள்: "கேக்க வேண்டிய ஆளு கேக்கல. கேக்காத ஆளெல்லாம் கேக்குது."

இந்த வருஷம் ஆனி தொடக்கத்தில் தேன்சிட்டு வந்தது. மாடிப்படி அறைக்கு வெளியே, சன்ஷேடுக்குக் கீழே, எப்போதோ அறுந்த கேபிள் ஒயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் நூலாம்படையும் சருகும் பஞ்சுமாகக் கொண்டுவந்து ஒட்டி, பை போல ஒரு கூடு. வாசலுக்கு மேலே மழை அடிக்காமல் சின்னதாக ஒரு தாழ்வாரம் வேறு. கட்டியதெல்லாம் பெண் சிட்டுதான். ஆண் பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து, மினுமினுக்கிற கழுத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியதோடு சரி. அகிலா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

குஞ்சு பொரித்த சமயத்தில்தான் அருவியில் தண்ணீர் நன்றாக விழ ஆரம்பித்தது. போன்களும் ஆரம்பித்தன. கூட்டம் வந்தால் ஈரத் துணியெல்லாம் மாடிக்குத்தான் வரும், பிள்ளைகள் ஓடும், ஒரு பயல் சும்மாவேனும் அந்த ஒயரைப் பிடித்து இழுப்பான். அகிலா துணிந்து ஒரு முடிவுக்கு வந்தாள். முதலில் கூப்பிட்டது விருதுநகர்ச் சித்தப்பா மகன். தண்ணீர் விழுகிறதா என்றான். கண்ணெதிரே மலை முழுக்க மேகம் மூடியிருக்க, முகத்தில் சாரல் அடிக்க, அவள் சொன்னாள்: "எங்க தம்பி விழுது? பாறை காஞ்சு கெடக்கு." டிவியில் காட்டினார்களே என்று அவன் கேட்டதும், அது போன வருஷத்துப் படம் என்று சொல்லிவிட்டாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும் இவளுக்கு இப்படிப் பொய் வரும் என்று எனக்குத் தெரியாது.

பிறகு அது பழகிப் போயிற்று. யார் கேட்டாலும் பாறை காய்ந்து கிடந்தது. எனக்கும் ஒன்றும் கசக்கவில்லை. குளியலறை காலியாக இருந்தது, தலையணை என்னிடமே இருந்தது, பேப்பர் கசங்காமல் கைக்கு வந்தது. ஒருநாள் என்னுடைய தம்பிக்கே நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அகிலா பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் வருத்தமாகச் சொல்லுங்கள் என்று சாடை காட்டினாள்.

தொல்லை செம்போத்து வடிவத்தில் வந்தது. கோயில் நந்தவனத்துப் பக்கமிருந்து வரும். காக்கை அளவில், செம்பட்டை இறக்கையும் சிவந்த கண்ணுமாக, தென்னையில் இருந்து முருங்கைக்கும் முருங்கையில் இருந்து எங்கள் சுவருக்கும் தத்தித் தத்தி வந்து கூட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். குஞ்சு என்றால் அதற்கு உயிர். செம்போத்தைப் பார்த்தால் நல்ல சகுனம் என்று நான் சொல்லப்போய், அப்படியானால் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகும்போது நின்று கும்பிடுங்கள் என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து மாடியில் ஆளுக்கொரு கம்பு. நான் ஒரு மூலை, அவள் ஒரு மூலை. குட்டி போட்ட பூனைபோல அவள் அங்கும் இங்கும் நடக்க, எனக்கு அதைப் பார்த்தே கால் வலித்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்த நேரம். செம்போத்து முன்னெப்போதும் இல்லாத தைரியத்தோடு சன்ஷேடு மேலேயே வந்து இறங்கிவிட்டது. சிட்டுகள் இரண்டும் அதன் தலைக்கு மேலே கத்திக்கொண்டு பறந்தன. அகிலா கம்பை ஓங்கியபோது இடுப்பில் போன் அடித்தது. தெரியாத நம்பர். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டுக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தாள். போனில் ஒரே இரைச்சல். காற்று என்று நினைத்தேன். அதற்கு நடுவில் ஓர் ஆண் குரல், பல் இல்லாத வாய்போலக் காற்றோடு கலந்து கேட்டது.

"தண்ணி விழுதாம்மா?"

அவள் கம்பை வீசிக்கொண்டே சொன்னாள்: "எங்க விழுது? ஒரு சொட்டு இல்ல. வந்து ஏமாந்து போகாதிய."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "சரிட்டி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். செம்போத்தும் பறந்து தென்னைக்குப் போய்விட்டது. குஞ்சுகள் தப்பித்தன. நான் உட்கார்ந்து மூச்சு விட்டேன்.

அகிலா உட்காரவில்லை. கம்பைப் பிடித்தபடி கால் மணி நேரம் அப்படியே நின்றாள். "ஏங்க, என்னைய 'ட்டி' போட்டுக் கூப்பிட இப்ப யாரு உயிரோட இருக்கா?" என்றாள். எங்கள் பக்கம் வீட்டில் மூத்தவர்கள்தான் பெண்ணை அப்படிக் கூப்பிடுவார்கள். நான் யோசித்தேன். அவள் அப்பா இல்லை, சித்தப்பாமார் இல்லை, பெரியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யோசித்துக்கொண்டு வந்தவன் ஓர் ஆளிடம் வந்து நின்றேன். அதற்குள் அவள் அந்த நம்பரைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டாள்.

எடுத்தது வேறு ஆள். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் ஆயில் மசாஜ் செய்கிறவராம், கிங்ஸ்லி என்று பெயர் சொன்னார். ஒரு பெரியவர் காலையிலேயே வந்து, பையை அவரிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாராம். பையில் தட்டும் பழமும் வெற்றிலையும் கல்யாணப் பத்திரிகையும் இருந்ததாம். குளித்துவிட்டு வந்தவர், தென்காசியில் தங்கை வீடு இருக்கிறது, மகன் கல்யாணத்துக்கு அழைக்க வந்தேன், போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, சட்டென்று போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லி, தன்னுடைய போனில் சார்ஜ் இல்லை என்று இவருடைய போனை வாங்கி, நம்பரை மனப்பாடமாகப் போட்டுப் பேசினாராம். பேசி முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாராம். இப்போதுதான் தென்காசி பஸ்ஸில் ஏறினார், பாளையங்கோட்டைக்கே திரும்பப் போகிறேன் என்று சொன்னார் என்றார் கிங்ஸ்லி. அவர் பேசும்போது பின்னால் அருவி கொட்டுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

அருவிக்குப் பக்கத்தில் ஈரத் தலையோடு நின்றுகொண்டு கேட்டவரிடம்தான் ஒரு சொட்டு இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அவளைத் திட்டலாம் என்று பார்த்தால் திட்ட வாய் வரவில்லை. நானும்தானே கேட்டேன், எனக்கும்தானே தெரியவில்லை. அவள் செருப்புகூடப் போடாமல் வாசலில் நின்று ஸ்கூட்டரை எடுங்கள் என்று கத்தினாள். புது பஸ் ஸ்டாண்ட் போகிற வரைக்கும் பின்னால் இருந்து என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே வந்தாள். ரயில்வே கேட்டில் வேறு மாட்டிக்கொண்டோம். இறங்கி நடந்தே போகிறேன் என்று அவள் ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டாள். என் உயிரை வாங்காதே, உட்கார் என்று அதட்டினேன். ரயில் போகிற வரைக்கும் அவள் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

அவர் ஏற வேண்டிய திருநெல்வேலி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஓரத்தில் இருந்தார். தோளில் ஈரத் துண்டு, மடியில் பை. தலை முழுக்க நரைத்து, முன்பற்கள் போய், கன்னம் உள்ளே ஒட்டியிருந்தது. நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். அகிலா விறுவிறுவென்று பஸ்ஸுக்குள் ஏறி அவர் பக்கத்தில் போய் நின்று, இறங்குங்கள் அண்ணே, வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "தண்ணி விழலன்னியேட்டி" என்றார்.

அவளுக்குப் பேச்சு குளறியது. தேன்சிட்டு கட்டியிருப்பதையும், கூட்டம் வந்தால் கூடு போய்விடும் என்பதையும், அதனால் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பதையும், என் தம்பிக்குச் சொன்னது வரைக்கும், ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கொட்டினாள். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில், "நீங்கன்னு தெரியாமச் சொல்லிட்டேண்ணே. சத்தியமா நீங்கன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

அப்பாடா, விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். பையை வாங்கிக்கொள்ள ஜன்னல் வழியாகக் கையைக்கூட நீட்டிவிட்டேன்.

அவர் இப்போதுதான் அவளைப் பார்த்தார். "நீ கோவத்துல வராதன்னு சொல்லுதன்னுதான் நெனச்சேன். உமா கல்யாணத்துக்கு வராதவன்தானே, சொல்லட்டும், எனக்கு இது வேணும்னு பேசாமக் கிளம்பிட்டேன். அத நான் தாங்கிக்கிட்டேன்" என்றார். பையை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டார். "என் கொரலே ஒனக்குத் தெரியலியாட்டி?"

அகிலா என்னைப் பார்த்தாள். என்னிடம் என்ன இருக்கிறது கொடுக்க? நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கண்டக்டர் விசில் ஊதினார். இறங்குகிறவர்கள் இறங்குங்கள் என்று சத்தம் போட்டார். இறங்கு, அவரையும் கூட்டிக்கொண்டு இறங்கு என்று நானும் கீழே இருந்து சொன்னேன். பஸ் மெல்ல நகர்ந்தது. அகிலா அவர் மடியில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேசுங்கண்ணே," என்றாள். "திருநவேலி போற வரைக்கும் நீங்கதான் பேசணும். நான் கேட்டுக்கிட்டே வாரேன்."